லோடு ஆட்டோவுக்குப் போட்ட பூட்டு

அன்பரசி அந்த வேலையில் சேர்ந்த ஏழு மாதத்தில் எத்தனையோ வண்டிகளுக்குப் பூட்டு போட்டிருந்தாள். எதுவும் அவள் மனதில் தங்கியதில்லை. ஒரே ஒரு லோடு ஆட்டோ மட்டும் தங்கிவிட்டது.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம் தேய்ந்து அடங்குகிற இடத்தில், ஒரு ஓட்டலும் அதை ஒட்டினாற்போல் ஒரு கல்யாண மண்டபமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலி மனை ஓட்டல்காரருடையது. மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் போதாது. முகூர்த்த நாளென்றால் மண்டபத்துக்கு வருகிறவர்கள் மனையில் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாப்பிட வந்தவர்கள் இடமில்லாமல் அடுத்த ஓட்டலைப் பார்க்கப் போவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஓட்டல்காரர் ஒரு நாள் மனையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ‘இது தனியார் இடம். ஓட்டல் வாடிக்கையாளர் வண்டிகள் மட்டும். மீறினால் சக்கரம் பூட்டப்படும், அபராதம் உண்டு’ என்று பலகை வைத்துவிட்டார். பூட்டுவதற்கு அன்பரசியைப் போட்டார்.

அதற்கு முன் மூன்று வருடம் அவள் அதே ஓட்டலில் அறைகளைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் அவள் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது புடவைக்கு மேல் நீலச் சட்டை, கழுத்தில் விசில், கையில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புப் பூட்டு. பெரிய பெரிய கார்களிலிருந்து இறங்குகிறவர்கள், “மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் மேடம்” என்று கெஞ்சினார்கள். அந்த ‘மேடம்’ அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டதும் உண்டு.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. காலை எட்டு மணிக்கே மண்டபத்தில் மேளச் சத்தம். மனையின் நுழைவாயிலுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. அன்பரசி விசில் ஊதிப் பார்த்தாள், யாரும் வரவில்லை. முன் சக்கரத்தில் பூட்டை மாட்டினாள். பத்து நிமிடம் கழித்து வந்த கார்க்காரர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். அடுத்த நிமிடம் ஓட்டல் மேனேஜர் சரவணகுமார் ஓடி வந்தார்.

“யாரு வண்டின்னு பாத்துப் போட மாட்டியா? எடு, எடு. சார்கிட்ட சாரி கேளு.”

“சார், கேட்டுக்குக் குறுக்கால…”

“எடுன்னா எடு!”

அவள் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூட்டைக் கழற்றினாள். அவள் முகத்துக்குப் பக்கத்தில் அவருடைய பளபளக்கும் ஷூ. எழுந்து, “சாரி சார்” என்றாள். அவர் அதற்குள் உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கார் போன பிறகு சரவணகுமார், “மண்டபத்துக்கு வரவன் வண்டியப் பிடின்னா, நீ யார் வண்டியப் பிடிச்சிருக்க பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். டீ கொண்டு வந்த பையன்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பத்தரை மணிக்குத்தான் அந்த லோடு ஆட்டோவைப் பார்த்தாள். மனையின் கோடியில், புங்க மரத்துக்கு அடியில், வேலியோடு வேலியாக ஒதுங்கி நின்றது. பின்னால் மடித்து வைத்த தார்ப்பாய், இரண்டு காலி பிளாஸ்டிக் கூடை. முன் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டில் ‘பவானி’ என்று எழுதியிருந்தது. அம்மன் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வண்டியால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் லோடு ஆட்டோக்காரன் யாரும் இந்த ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட வரமாட்டான். அது போதும் அவளுக்கு. பின் சக்கரத்தில் பூட்டை மாட்டினாள்.

வழக்கமாகப் பூட்டிவிட்டு, வண்டிக்காரர் வரும்வரை நிழலில் உட்கார்ந்திருப்பாள். அன்று உட்கார முடியவில்லை. தன் முன்னால் யாராவது வந்து நின்று, ‘மேடம்’ என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. நேரே மண்டபத்துக்குள் போனாள்.

உள்ளே காதுகுத்து. வாசலில் குழந்தையின் படம் போட்ட பெரிய பேனர். மேடையில் ஒரு வயதுப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக் பிடித்திருந்தவரின் காதில் அன்பரசி விஷயத்தைச் சொன்னாள். அவருக்குத் தன் குரல் மேல் ஆசை போலிருக்கிறது. நிறுத்தி, இழுத்து, மூன்று முறை சொன்னார்.

“பவானி… பவானின்னு பேர் எழுதின லோடு ஆட்டோ. ஓட்டல் எடத்துல வுட்டுட்டு வந்துகீறீங்க. லாக் போட்டாச்சு. ஓனர் எங்க இருந்தாலும் உடனே வரணும்.”

மேடையில் குழந்தையின் அருகில் நின்றிருந்த பெண் சடக்கென்று தலையைத் தூக்கினாள். அன்பரசி அதைப் பார்த்தாள். ஆனால் அப்போது அதற்கு ஓர் அர்த்தமும் தெரியவில்லை.

அவள் மனைக்குத் திரும்புவதற்குள் வண்டிக்காரர் அங்கே நின்றிருந்தார். அறுபதை நெருங்கிய ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. மூச்சு வாங்கியது.

“எம்மா, தப்பு என்மேலதான். அவுத்து வுடும்மா, போயிடறேன்” என்று சட்டைப் பையிலிருந்த பணத்தை அப்படியே நீட்டினார். “எவ்ளோ ஆனாலும் எடுத்துக்க. சீக்கிரம் அவுத்து வுடு.”

“இப்டி கையில வாங்க நான் இன்னா லஞ்சமா வாங்கறேன்?” என்றாள் அன்பரசி. “நோட்டுல பேரு, ஊரு, போன் நம்பர் எழுதணும். கையெழுத்துப் போடணும். மேனேஜருக்கு போட்டோ அனுப்புவேன். அவரு சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்.”

அவள் சொன்னது எல்லாமே விதிதான். ஆனால் மற்ற வண்டிகளுக்கு அவள் இந்த விதிகளைப் பார்த்ததில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கழற்றிவிட்டு, நோட்டில் பிறகு தானே எழுதிக்கொள்வாள்.

அவர் மண்டப வாசலையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே எழுதினார். சின்னராசு, கருங்குழி. கீழே போன் நம்பர்.

“இன்னா காரணத்துக்கு இங்க வுட்டன்னு எழுது.”

பேனா அப்படியே நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார். “உள்ள நடக்கறது எம் பேத்தி காதுகுத்தும்மா. எம் பொண்ணோட அஞ்சு வருசமா பேச்சு இல்ல. ஒரு ஓரமா நின்னு கொழந்தையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். நான் வந்தது தெரிஞ்சா அவளுக்குத்தான் பேஜாரு. மைக்குல வேற பேரச் சொல்லிட்டாங்க. ஆளுங்க வரதுக்குள்ள போயிடறேன், கும்பிடறேன்” என்று கையைக் கூப்பினார்.

அன்பரசி தினம் கதை கேட்கிறவள். அம்மாவுக்குச் சீரியஸ் என்பார்கள், பிள்ளைக்குப் பரீட்சை என்பார்கள். “தெனம் மூணு பேரு இப்டித்தான் சொல்லினுகீறாங்க” என்றாள். வண்டியைப் படம் எடுத்தாள். சரவணகுமாருக்கு அனுப்பினாள். பதில் வரட்டும் என்று போனைப் பார்த்தபடி நின்றாள். சாவி அவள் சட்டைப் பையில்தான் இருந்தது.

பத்து நிமிடம் இருக்கும். மேடையில் தலையைத் தூக்கிய அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பட்டுப் புடவை தடுக்கத் தடுக்க ஓடி வந்தாள். குழந்தையின் காது மடல்கள் சிவந்து வீங்கியிருந்தன. அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

“அப்பா” என்றாள் அவள்.

அன்பரசிக்கு அப்போதுதான் கண்ணாடியிலிருந்த பெயர் யாருடையது என்று புரிந்தது.

சின்னராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணும் இல்லம்மா. இந்தப் பக்கம் ஒரு லோடு… எறக்கிட்டுப் போலாம்னு…” பவானி காலி வண்டியைப் பார்த்தாள். அவர் குழந்தையைப் பார்த்தார்.

அன்பரசி அவசரமாகச் சாவியை எடுப்பதற்குள் பவானியின் மாமியார் ஆதியம்மாளும், கணவன் ஹேமந்தும், பின்னால் பத்துப் பதினைந்து உறவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆதியம்மாள் கடலோரக் குப்பத்துக்காரி, மீன் ஏலத்தில் நின்று குரல் பழகியவள். அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. சின்னராசு மகளைத் தன் தங்கை பிள்ளைக்குக் கொடுப்பதாகப் பேசிப் பத்திரிகை அடித்துவிட்டிருந்த சமயத்தில்தான் பவானி வீட்டைவிட்டுப் போய் ஹேமந்தைக் கட்டிக்கொண்டாள். தங்கை முகத்தில் விழிக்க முடியாத ஆத்திரத்தில் அவர் குப்பத்துக்கே வந்து, ஆதியம்மாள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றி, ‘இந்த வூட்ல வெளக்கெரியாம போவ’ என்று சாபம் விட்டுப் போயிருந்தார்.

“யோவ், நல்ல வழியா வரத் தெரியாதா உனக்கு?” என்றாள் ஆதியம்மாள். “நேரா வந்து, ‘தெரியாம பேசிட்டேன் சம்மந்தி’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே கையப் புடிச்சி மேடையில ஒக்கார வெச்சிருப்பேன். தாய்மாமன் மொறைக்கு ஆளு இல்லாம, எம் பையனோட சிநேகிதன ஒக்கார வெச்சோம்யா. ஆனா நீ திருடனாட்டம் ஒளிஞ்சினு வர. லாக் போட்டுப் புடிச்சி வெச்சிருக்காங்க உன்ன.”

யாரோ சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னராசு இடுப்பு முடிச்சை அவிழ்த்து, நகைக்கடைச் சிவப்புத் தாளில் மடித்திருந்த ஒரு பொடிக் கம்மல் ஜோடியை எடுத்துக் குழந்தையை நோக்கி நீட்டினார். பவானியின் கை கொஞ்சம் முன்னால் வந்தது. மாமியாரைப் பார்த்தாள். கை திரும்பிப் போய்க் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.

“வேணாம் மாமா. எடுத்துனு போங்க” என்றான் ஹேமந்த், மெதுவாக. அவன் அப்படி ‘மாமா’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தாளை மடித்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பூட்டு இருப்பது நினைவில்லாமல் சாவியைத் திருப்பி முடுக்கிவிட்டார். வண்டி ஒரு எம்பு எம்பி, பூட்டு தரையில் ‘டணார்’ என்று மோத, முன்னால் போக முடியாமல் குலுங்கி நின்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அன்பரசி ஓடிப்போய் மண்ணில் உட்கார்ந்தாள். உப்புக் காற்றில் பூட்டின் துவாரம் இறுகிக் கிடந்தது. சாவி திரும்பவில்லை. அவள் திருகத் திருக, தலைக்கு மேலே சிரிப்பும் குழந்தையின் அழுகையும் கேட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் பூட்டு விட்டுக்கொடுத்தது. லோடு ஆட்டோ அவளைத் தாண்டிப் போய், சாலையில் ஏறி, திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பியது. அவள் கையில் போன் ஒலித்தது. சரவணகுமார் ‘ஓகே’ என்று அனுப்பியிருந்தார்.

அந்த வீடியோ இரண்டே நாளில் எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. ‘பேத்தி காதுகுத்துக்கு ஒளிஞ்சி வந்த தாத்தா, மடக்கிப் பிடிச்ச லேடி’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். வண்டி எம்பிக் குலுங்கும் இடத்தில் ஒரு சினிமாக் காமெடி இசை. ஓட்டல்காரருக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு மண்டபத்துக்கு வருகிறவர்கள் யாரும் மனைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. “நல்ல வேலை பண்ண அன்பரசி” என்று எல்லோர் முன்னாலும் சரவணகுமார் சொன்னார். அவளுக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. தன்னைத் திரும்ப அறை துடைக்கும் வேலைக்கே போடச் சொல்லிக் கேட்டாள். “உன்னப் பாத்துத்தான் பயப்படறாங்க, இப்பப் போயா?” என்று அவர் சிரித்தார். வேலையை விட்டுவிடும் நிலையில் அவள் வீடு இல்லை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள். நான்காவது வாரம் லீவு நாளில், நோட்டிலிருந்த ஊரைத் தேடிக் கிளம்பிவிட்டாள். செங்கல்பட்டு போய், அங்கிருந்து மதுராந்தகம் பஸ் ஏறி, கருங்குழியில் இறங்கி, லோடு ஆட்டோ சின்னராசு வீடு என்று கேட்டாள். டீக்கடைக்காரர் வழி சொல்லிவிட்டுக் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. முன் கண்ணாடியில் பெயர் இல்லை. பிளேடால் சுரண்டிய கீறல்கள் இருந்தன. குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். சின்னராசுவின் மனைவி சந்திரம்மா.

“நீதான அந்த நீலச் சட்ட?”

அன்பரசி தலையாட்டினாள்.

“வா, வந்து பாரு. எங்கிட்டகூட சொல்லாம போனாரும்மா அந்த மனுசன். அந்தப் பக்கம் லோடு போனப்ப பேனரப் பாத்திருக்காரு. மதுராந்தகத்துல வேலன்னு எங்கிட்ட சொல்லிட்டு, சட்டைய இஸ்திரி போட்டுனு போனாரு. சொல்லியிருந்தா நானும் போயிருப்பேன். பெத்தவ நான், இன்னும் அந்தக் கொழந்தையப் பாக்கல. பக்கத்து வூட்டுக்காரி போன்ல, வீடியோவுலதான் பாத்தேன். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவுல.”

சின்னராசு உள்ளேயிருந்து வந்தார். அவளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். “வெயில்ல ஏன் நிக்க வெச்சிருக்க? தண்ணி குடு” என்று மனைவியிடம் சொன்னார்.

அன்பரசி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யோசித்து வைத்ததையெல்லாம் மறந்துபோய், “மன்னிச்சிடுங்கய்யா” என்றாள்.

“உன் வேலைய நீ செஞ்ச.”

“வேல இல்லய்யா அது. அன்னிக்குக் காலையில ஒரு கார்க்காரன்கிட்ட அசிங்கப்பட்டேன். அவன ஒண்ணும் பண்ண முடியல. உங்க மேல தீத்துக்கினேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. நீங்க கும்பிட்டப்பவே எடுத்திருக்கலாம்.”

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். “ஒரு நெனப்போடதாம்மா அன்னிக்கு வந்தேன். கொழந்தையத் தூரத்துலேர்ந்து பாக்கறது. மனசு எளகிச்சுன்னா, பொங்கலுக்கு இவள இட்டுனு, சீர் எடுத்துனு நேரா அந்தக் குப்பத்துக்கே போறது. நான் மண்ண வாரிப் போட்ட வாசல்லயே நின்னு, அந்தம்மா கால்ல வுழுன்னாலும் வுழறது. இப்ப இன்னா மூஞ்சிய வெச்சினு போவேன்? ரோட்ல சின்னப் பசங்கல்லாம், ‘பவானி, லாக் போட்டாச்சு’ன்னு கத்தறானுங்க. அதான் பேரச் சொரண்டிட்டேன். எம் பொண்ணு பேரு எவன் வாயிலயும் வர வேணாம்னு.”

“இப்பக்கூடப் போலாம்யா. அந்தம்மாவே சொன்னாங்களே, நேரா வந்திருந்தா ஒக்கார வெச்சிருப்பேன்னு.”

“சொன்னாங்க. வண்டி எம்பினப்ப அவ்ளோ பேரும் சிரிச்சாங்க. எம் பொண்ணு சிரிக்கல, அது எனக்குத் தெரியும். ஆனா அந்தச் சிரிப்பு அவ காதுல வுழுந்துச்சேம்மா.” சந்திரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் அன்பரசி விதியில் இல்லாத ஒன்றைச் செய்தாள். நோட்டிலிருந்த நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, குப்பத்துக்குப் போய்ப் பவானியின் கையில் கொடுத்தாள். மகள் வீட்டைவிட்டுப் போனதுமே, அவள் கூப்பிடக் கூடாது என்று சின்னராசு பழைய நம்பரையும் மாற்றி, மனைவியின் போனையும் பிடுங்கி வைத்தவர். பவானி தாளை வாங்கிப் பார்த்தாள்.

“உன்மேல கோவம் இல்லக்கா” என்றாள். “நீ லாக் போட்ட. நான் இன்னா பண்ணேன்? கம்மல நீட்டினாரு, வாங்கல. அவங்கல்லாம் சிரிச்சாங்க, வாய மூடுங்கன்னு சொல்லல. தெனம் அதான் ஓடினுகீது மனசுல. எங்க அத்தைகூட நேத்து மீன் கழுவும்போது, ‘கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பேசிட்டேன்’னு சொன்னாங்க. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போகுது?”

“உங்கம்மா கொழந்தையப் பாக்கணும்னு அழுவறாங்க. போன் பண்ணு” என்று சொல்லிவிட்டு அன்பரசி வந்துவிட்டாள்.

பொங்கல் வந்தது. கருங்குழியிலிருந்து யாரும் சீர் எடுத்து வரவில்லை. காணும் பொங்கலன்று மாமல்லபுரம் முழுக்கக் கூட்டம். மனை நிரம்பி வழிந்தது. அன்பரசி ஒவ்வொரு வண்டியாக நின்று, “யாரு வண்டிங்க, எங்க போகணும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் முதலில் கேட்கிறாள். கேட்டுவிட்டுத்தான் பூட்டைத் தொடுகிறாள். அதனால் சரவணகுமாரிடம் திட்டும் வாங்குகிறாள்.

கூட்டத்தில் பவானி வந்தாள். குழந்தை சிநேகா நடக்கப் பழகியிருந்தது, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தது.

“போன் பண்ணியா?” என்று அன்பரசி கேட்டாள்.

“பண்ணேன்க்கா. பொங்கலன்னிக்குக் காலையில. எத்தினியோ தடவ பண்ணி, அன்னிக்குத்தான் எடுத்தாரு. ‘அப்பா’ன்னேன். பாப்பாவும் போனப் புடுங்கினு ஏதோ கத்துச்சு. கேட்டுகினே இருந்தாரு. அப்புறம், ‘வண்டி ஓட்டினுகீறேம்மா, அப்பால பேசறேன்’னு வெச்சிட்டாரு.”

“ஓட்டும்போது எடுத்திருப்பாரு. திரும்பக் கூப்புடுவாரு.”

பவானி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வண்டியெல்லாம் ஓட்டலக்கா. பின்னால டிவி சத்தம் கேட்டுச்சு” என்றாள்.